பிரிட்டன் விற்ற நீன் இன்ஜினும் மிக்-15 விமானமும்

கேள்வி இது: "மிக்-15 போர் விமானத்தில் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் இன்ஜின் என்கிறார்களே, உண்மையா? உண்மையென்றால், பனிப்போர் தொடங்கும் நேரத்தில் பிரிட்டன் அதை ஏன் சோவியத்துக்குக் கொடுத்தது?"

உண்மைதான். 1947 டிசம்பர் 30 அன்று முதல் மிக்-15 மாதிரி விமானம் பறந்தபோது அதற்குள் இருந்தது பிரிட்டனில் செய்த ரோல்ஸ்-ராய்ஸ் நீன் இன்ஜின். நகல்கூட இல்லை, அசல். நகலெல்லாம் அதற்கப்புறம் வந்தவை. கொடுத்ததும் சும்மா இல்லை, காசுக்கு விற்றார்கள். ஏன் விற்றார்கள் என்பது புரிய வேண்டுமானால், அந்த இன்ஜினை பிரிட்டன் தன் வீட்டில் எப்படி நடத்தியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரிட்டனில் ஜெட் இன்ஜினைத் தொடங்கி வைத்தவர் ஃபிராங்க் விட்டில். அவருடைய வடிவமைப்பை உற்பத்திக்குக் கொண்டுவரும் பொறுப்பு முதலில் ரோவர் கார் கம்பெனியிடம் இருந்தது. விட்டிலுக்கும் ரோவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. வேலை இழுத்துக்கொண்டே போனது. 1942 கடைசியில், லங்காஷயரில் கிளித்தரோ என்ற சிற்றூரின் ஓட்டல் ஒன்றில் ரோல்ஸ்-ராய்ஸின் எர்னஸ்ட் ஹைவ்ஸும் ரோவரின் ஸ்பென்சர் வில்க்ஸும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜெட் வேலையை எங்களிடம் விடு, எங்கள் டேங்க் இன்ஜின் தொழிற்சாலையை நீ எடுத்துக்கொள் என்றார் ஹைவ்ஸ். அவ்வளவுதான் பேரம். 1943 தொடக்கத்திலேயே பார்னல்ட்ஸ்விக் என்ற ஊரிலிருந்த ஜெட் தொழிற்சாலை ரோல்ஸ்-ராய்ஸ் கைக்கு வந்தது. அங்கே பொறுப்பேற்றவர் ஸ்டான்லி ஹூக்கர்.

ஹூக்கர் படிப்பால் கணித ஆள். போர்க்காலத்தில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் இன்ஜினுக்கு சூப்பர்சார்ஜரை மேம்படுத்திக் கொடுத்துப் பெயர் வாங்கியவர். சூப்பர்சார்ஜரின் உயிரே காற்றை அழுத்தும் இம்பெல்லர்தான். விட்டிலின் ஜெட் இன்ஜினிலும் காற்றை அழுத்துவது அதே ஜாதி இம்பெல்லர். நம் தோட்டத்து மோட்டார் பம்புக்குள் சுற்றுமே, நடுவில் வாங்கி விளிம்புக்கு வீசுகிற சக்கரம், அதேதான். தண்ணீருக்குப் பதில் காற்று. ஆக, ஹூக்கர் தனக்கு நன்றாகத் தெரிந்த சாமானோடுதான் வேலையைத் தொடங்கினார்.

1944-ல் விமான உற்பத்தி அமைச்சகம் ஓர் இன்ஜின் கேட்டது: உந்துவிசை குறைந்தது 4,000 பவுண்டு, எடை 2,200 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. அன்றைக்கு இது எவ்வளவு பெரிய கேட்பு என்றால், அந்த ஆண்டு ஜூலையில் படையில் சேர்ந்த மீட்டியார் விமானத்தின் வெல்லண்ட் இன்ஜினுக்கு உந்துவிசை சுமார் 1,600 பவுண்டு. ஜெர்மனியின் மெ-262-வில் இருந்த யூமோ 004-க்கு சுமார் 900 கிலோ, அதாவது 2,000 பவுண்டை ஒட்டி. ஹூக்கர், ஏட்ரியன் லம்பார்ட் குழு ஐந்தரை மாதத்தில் புது இன்ஜினை வரைந்து, செய்து, சோதனை மேடையில் ஏற்றிவிட்டது.

1944 அக்டோபர் 27. ஒவ்வொன்றாக ஏதோ தடை வந்து, ஸ்டார்ட் செய்யும்போது நள்ளிரவை நெருங்கிவிட்டது. பகல் ஷிஃப்ட் ஆட்கள் வீட்டுக்குப் போகவில்லை. இரவு ஷிஃப்ட்காரர்களோடு சேர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் பற்ற மறுத்தது. எரிகலனுக்குள் தீப்பொறி முனையை எந்த இடத்தில் வைத்தால் பற்றும் என்பதை அந்தக் காலத்தில் வைத்து வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டெனிஸ் ட்ரூ என்ற பொறியாளர் அந்த முனையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே, அந்த ஓட்டை வழியாக கேஸ் வெல்டிங் டார்ச்சை நீட்டிப் பற்றவைத்தார். பிடித்துக்கொண்டது. 4,000 பவுண்டு வரை ஏற்றினார்கள். கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக, காற்று நுழையும் வாயில் அதைத் திசைதிருப்பும் தகடுகளைப் பொருத்தினார்கள். காலையில் ஹூக்கர் வந்து பார்க்கும்போது முள் 5,000 பவுண்டில் நின்றது. அன்றைய தேதியில் உலகிலேயே வலுவான ஜெட் இன்ஜின். எடையும் கேட்டதைவிட நன்றாகக் குறைவு.

ரோல்ஸ்-ராய்ஸ் தன் ஜெட் இன்ஜின்களுக்கு பிரிட்டன் நதிகளின் பெயரை வைத்து வந்தது. இதற்கு நீன்.

இதன் அமைப்பில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் விமானங்களின் தோற்றமே புரியும். நீனின் இம்பெல்லருக்கு இரண்டு பக்கமும் இறக்கை உண்டு. முன்பக்கமும் காற்றை வாங்கும், பின்பக்கமும் வாங்கும். அப்படி வாங்கிய காற்றை விளிம்பைச் சுற்றியிருக்கும் ஒன்பது எரிகலன்களுக்குத் தள்ளும். அங்கே மண்ணெண்ணெய் எரிந்து, சூடான வாயு ஒரே ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பின்னால் பீறிடும். சுற்றுகிற பாகம் மொத்தத்தில் இம்பெல்லர், தண்டு, டர்பைன், குளிரூட்ட ஒரு சிறு விசிறி, அவ்வளவுதான். யூமோ போன்ற அச்சு வகை இன்ஜினில், அதாவது காற்றை விளிம்புக்கு வீசாமல் தண்டின் போக்கிலேயே நேராகப் பின்னால் தள்ளி அழுத்தும் வகையில், வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன இறக்கைகள். இந்த எளிமைக்கு விலையாக நீன் குண்டாக இருந்தது, நாலடிக்கு மேல் விட்டம். பின்பக்கத்துக்கும் காற்று போக வேண்டும் என்பதால் இன்ஜினைச் சுற்றி உடலுக்குள் ஓர் அறை மாதிரி வெற்றிடம் விட வேண்டும். மிக்-15 ஏன் பீப்பாய் போல இருக்கிறது என்று யோசித்திருந்தால், காரணம் இதுதான்.

சரி, இவ்வளவு நல்ல இன்ஜினை பிரிட்டன் எந்த விமானத்தில் போட்டது? இங்கேதான் எனக்கு எரிச்சல் வரும். பெரிதாக எதிலும் போடவில்லை. மீட்டியாரின் இறக்கையில் இருந்த கூட்டுக்குள் நீன் நுழையாது. புதிய விமானம் வரைய யாருக்கும் அவசரமில்லை, போர் முடியப் போகிறது. இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்த ஒரு விருந்தில், அதே கிளித்தரோ ஓட்டலில்தான், நீனையே மீட்டியார் கூட்டுக்கு ஏற்றபடி சுருக்கினால் என்ன என்று பேச்சு வந்தது. மேசை விரிப்பிலேயே கணக்குப் போட்டார்கள். 0.855 அளவுக்குச் சுருக்கினால் 3,650 பவுண்டு வரும் என்று விடை. அப்போதிருந்த டெர்வென்ட் இன்ஜினை 2,450-க்கு ஏற்றவே படாதபாடு பட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்! 1945 புத்தாண்டில் வரைபடம் தொடங்கி, ஜூன் மாதமே அந்தக் குட்டி நீன் சோதனை மேடையில் ஓடியது. பெயர் டெர்வென்ட் 5. அதைப் பொருத்திய மீட்டியார் 1945 நவம்பர் 7-ல் மணிக்கு 606 மைல் வேகத்தில் பறந்து உலக சாதனை செய்தது. பெரிய அண்ணனுக்கு மட்டும் வேலை கிடைக்கவில்லை. சூப்பர்மரீன் அட்டாக்கர், ஹாக்கர் சீ ஹாக் என்ற இரண்டு விமானங்களில் பின்னர் இடம் கிடைத்தது. இரண்டையும் வாங்கியது பிரிட்டிஷ் கடற்படை. விமானப் படையின் முன்னணிப் பிரிவு எதிலும் நீன் போர் விமானம் சேரவே இல்லை.

இப்போது விற்பனைக்கு வருவோம். 1946-ல் சோவியத்திடம் பறக்கத் தகுதியான ஜெட் இன்ஜின் என்றால், ஜெர்மனியிலிருந்து கைப்பற்றிய யூமோ, பி.எம்.டபிள்யூ இன்ஜின்களின் நகல்கள்தான். ஒன்றுக்கும் வலு போதாது, ஆயுளும் குறைவு. மிக் விமானங்களை வடிவமைத்த மிகோயன் குழுவுக்கு அம்பு போல் சாய்ந்த இறக்கையுடன் ஒரு விமானம் மனதில் இருந்தது. அதைத் தூக்க இன்ஜின் இல்லை. பிரிட்டனிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று யோசனை வந்தபோது ஸ்டாலினே நம்பவில்லை, எந்த முட்டாள் தன் ரகசியத்தை விற்பான் என்று கேட்டார் என்கிறார் விமான வடிவமைப்பாளர் யாகொவ்லெவ். ஆனாலும் போய் வரச் சம்மதித்தார். ஆர்த்தெம் மிகோயன், இன்ஜின் வடிவமைப்பாளர் விளாதிமிர் கிளிமோவ், உலோகவியலாளர் கிஷ்கின் மூவரும் பிரிட்டன் போனார்கள்.

பிரிட்டன் சம்மதித்ததற்குக் காரணம் ஒன்று மட்டும் இல்லை. போர் முடிந்து நாடு கடனில் மூழ்கியிருந்தது; அந்நியச் செலாவணி வேண்டும், சோவியத்திலிருந்து மரமும் தானியமும் வேண்டும். அட்லியின் தொழிற்கட்சி அரசில் வர்த்தகத் துறை ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் கையில் இருந்தது. ஆம், 1942-ல் தூதுக்குழுவோடு தில்லிக்கு வந்த அதே கிரிப்ஸ். போர்க்காலத்தில் மாஸ்கோவில் தூதராக இருந்தவரும்கூட. சோவியத்தோடு வியாபாரம் செய்வதில் அவருக்குத் தயக்கம் இல்லை. ராணுவத் தரப்பின் எதிர்ப்பு எடுபடவில்லை. இன்னொரு காரணத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: இந்த வகை இன்ஜினின் காலம் முடிந்துவிட்டது என்று ரோல்ஸ்-ராய்ஸே நினைத்தது. அடுத்தது அச்சு வகை ஏவன்தான் என்று முடிவு செய்து அதில் இறங்கியிருந்தார்கள். பழசாகப் போகிற சரக்கு, கேட்கிறவனுக்குக் கொடுத்துக் காசாக்குவோம் என்ற கணக்கு. கணக்கு தொழில்நுட்பத்தில் சரி, காலத்தில் தப்பு. ஏவன் முதிர்ந்து படைக்கு வர 1950-கள் ஆகிவிட்டன. இடையில் கிடந்த அந்த நாலைந்து ஆண்டுதான் சோவியத்துக்குத் தேவைப்பட்டது.

1947-ல் நீனும் டெர்வென்ட்டுமாகச் சில பத்து இன்ஜின்கள் போய்ச் சேர்ந்தன. பிரித்து அளந்து நகலெடுத்தார்கள். மாஸ்கோவின் 45-ஆம் எண் தொழிற்சாலையில் நீன் 'ஆர்.டி.-45' ஆனது, 500-ஆம் எண் தொழிற்சாலையில் டெர்வென்ட் 'ஆர்.டி.-500' ஆனது. உருவத்தை நகலெடுப்பது எளிது, உலோகம்தான் சிக்கல். டர்பைன் இறக்கை செக்கச்சிவந்த சூட்டில் நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் முறை சுற்ற வேண்டும். நீளவும் கூடாது, விரியவும் கூடாது. பிரிட்டன் இதற்கு நிமோனிக் 80 என்ற நிக்கல் கலவையை வைத்திருந்தது. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த சோவியத் ஆட்கள் மெத்தென்ற அடி கொண்ட ஷூ போட்டு வந்து, தரையில் கிடந்த உலோகச் சீவல்களை ஒட்டிக்கொண்டு போனார்கள் என்றொரு கதை உலவுகிறது. சுவாரசியமான கதை, ஆனால் அதற்குத் தேவையே இருந்திருக்காது. இன்ஜினை வாங்கினால் இறக்கையும் கூடவே வந்துவிடுகிறது, ஒன்றை அறுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்கலாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று அப்படித் தெரிந்துகொள்ளலாம். அதே தரத்தில் உருக்கி வார்ப்பதை சோவியத் உலோகவியலாளர்கள் சொந்தமாகத்தான் கற்றார்கள்.

நகலோடும் நிற்கவில்லை. கிளிமோவ் எரிகலன்களையும் டர்பைனையும் பெரிதாக்கி, சுமார் 2,700 கிலோ உந்துவிசை தரும் வி.கே.-1 ஆக்கினார். மூல நீன் 2,270 கிலோ. அது மிக்-15பிஸ், இல்-28 குண்டுவீச்சு விமானம் எல்லாவற்றிலும் ஏறியது. பின்னெரிப்பான் (வெளியேறும் வாயுவில் மறுபடி எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) சேர்த்த வி.கே.-1எஃப் மிக்-17எஃப்பில். சீனாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் இந்தக் குடும்ப இன்ஜின்களைத் தயாரித்தார்கள்.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் நடந்ததைச் சொன்னால்தான் கதை முழுதாகும். அமெரிக்கக் கடற்படைக்கும் நீன் பிடித்துப் போனது. போர் முழுக்க பிஸ்டன் இன்ஜினே செய்துகொண்டிருந்ததால் ஜெட்டில் பின்தங்கியிருந்த பிராட் அண்ட் விட்னி அதன் உரிமத்தை வாங்கி ஜே-42 என்ற பெயரில் தயாரித்தது. அதற்காகவே கிரம்மன் வரைந்த பேந்தர் விமானம் முதலில் பறந்தது 1947 நவம்பரில், இறக்குமதி செய்த நீன் இன்ஜினோடு. மிக்-15 பறந்தது அதே டிசம்பர் கடைசியில். அமெரிக்கக் கடற்படையின் ஜெட்டும் சோவியத்தின் ஜெட்டும் ஐந்தாறு வார இடைவெளியில் ஒரே தொழிற்சாலைச் சரக்கோடு வானேறின.

மூன்று வருஷத்தில், கொரியப் போரில், இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தன. 1950 நவம்பர் 9 அன்று யாலு ஆற்றுப் பாலங்களைத் தாக்கப் போன விமானங்களுக்குக் காவலாக வந்த பேந்தர்களில் ஒன்றை ஓட்டிய வில்லியம் ஏமன், ஒரு மிக்-15-ஐச் சுட்டு வீழ்த்தினார். ஜெட்டை வீழ்த்திய முதல் அமெரிக்கக் கடற்படை ஜெட் விமானி அவர். சுட்டதிலும் நீன், விழுந்ததிலும் நீன். ஒட்டுமொத்தத்தில் மிக்-15 பேந்தரைவிட மிக வேகமான விமானம். இன்ஜின் ஒன்றுதான், வித்தியாசம் இறக்கையில். பேந்தருடையது நேர் இறக்கை, மிக்குடையது 35 பாகை பின்சாய்ந்தது. "ரோல்ஸ்-ராய்ஸ் இல்லாவிட்டால் மிக்-15 இல்லை" என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அதே இன்ஜின் கையில் இருந்தும் மற்றவர்கள் மிக்-15 செய்யவில்லையே. அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவின் 77-ஆம் ஸ்குவாட்ரன் டெர்வென்ட் பொருத்திய மீட்டியார்களோடு வந்து மிக்குகளிடம் அடி வாங்கியது. 1951 டிசம்பர் 1 அன்று ஒரே சண்டையில் மூன்று மீட்டியார்கள் போயின. அங்கேயும் பங்காளிச் சண்டைதான். பெரிய பாதிப்பு அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்கு: 1951 அக்டோபரில் பட்ட இழப்புக்குப் பிறகு அவை பகலில் போவதை விட்டு இரவுக்கு மாறின.

ஆக, விற்றது முட்டாள்தனமா? சோவியத்துக்குச் சில ஆண்டுகள் மிச்சமாயின என்பதை மறுக்க முடியாது. கொரியாவில் அந்தச் சில ஆண்டுகளுக்கு விலை இருந்தது. ஆனால் என்னைக் கேட்டால், விற்றதைவிடப் பெரிய தவறு தன் விமானப் படைக்கு இந்த இன்ஜினைச் சுற்றி ஒரு நல்ல பின்சாய் இறக்கை விமானத்தை 1946-லேயே வரையாமல் விட்டது.

நம் பக்கத்திலும் இந்த இன்ஜினுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. பாகிஸ்தான் தன் முதல் ஜெட் விமானமாக வாங்கியது நீன் பொருத்திய அட்டாக்கர். இந்தியா 1953-ல் பிரான்சிடமிருந்து வாங்கத் தொடங்கிய 'தூஃபானி'யில் இருந்தது ஹிஸ்பானோ-சுயிசா உரிமம் பெற்றுச் செய்த நீன். இந்தியக் கடற்படைக்கு விக்ராந்த் கப்பலோடு வந்த சீ ஹாக்குகளும் நீன் விமானங்கள்தான். கோவாவின் டபோலிமுக்கு மாறுவதற்கு முன் கடற்படையின் ஜெட் பிரிவு கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் இருந்தது, அதனால் அறுபதுகளின் தொடக்கத்தில் கொங்கு வானத்தில் இந்த இன்ஜினின் சத்தம் கேட்டிருக்கும். 1971 டிசம்பர் 4 அன்று விக்ராந்திலிருந்து கிளம்பி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியவை இந்த சீ ஹாக்குகளே. அதே 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது சோவியத் இலங்கைக்கு அவசரமாக அனுப்பியது மிக்-17எஃப் விமானங்களும் ஒரு மிக்-15 பயிற்சி விமானமும். அவற்றில் இருந்ததும் நீன் வழிவந்த இன்ஜின்கள்தான்.

போருக்கு வெளியே இரண்டு பயன்களை மட்டும் சொல்கிறேன். 1948 ஜூலை 25-ல் இரண்டு நீன் பொருத்திய விக்கர்ஸ் வைக்கிங் லண்டனிலிருந்து பாரிசுக்கு 34 நிமிடத்தில் போனது. ஜெட் பயணிகள் விமானம் என்ற யோசனைக்கு அது முன்னோட்டம். இன்னொன்று, 'பறக்கும் கட்டில்' என்று கிண்டலாக அழைக்கப்பட்ட ரோல்ஸ்-ராய்ஸ் சோதனைக் கருவி. இறக்கை கிடையாது, உடல் கிடையாது. நாலு கால் கொண்ட குழாய்ச் சட்டத்தில் எதிரெதிராகப் படுத்திருந்த இரண்டு நீன்கள், வாயுவைக் கீழ்நோக்கித் திருப்பும் குழாய்கள், மேலே ஒரு நாற்காலி. ஓர் இன்ஜினின் வாயு நடுவிலும், மற்றதன் வாயு இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் இறங்கும். ஒன்று நின்றுபோனால் கட்டில் ஒரு பக்கமாகக் கவிழ்ந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. 1954 ஆகஸ்ட் 3-ல் கட்டு எதுவும் இல்லாமல் அது நேராக மேலெழுந்தது.

நேராக எழும் விமானம் பின்னாளில் ஹேரியராக வந்தது. அதன் பெகாசஸ் இன்ஜினை உருவாக்கிய பிரிஸ்டல் குழுவுக்குத் தலைவர், ரோல்ஸ்-ராய்ஸை விட்டு அங்கே போயிருந்த அதே ஹூக்கர். 1983-ல் இந்தியக் கடற்படை சீ ஹாக்குகளை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு எடுத்துக்கொண்டது சீ ஹேரியரை. எப்போதாவது கோவா போனால் டபோலிமில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் இரண்டையும் பார்க்கலாம். சீ ஹாக்கின் வாலுக்கடியில் புகைவாயைத் தேடாதீர்கள், இருக்காது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாய் இருக்கும். உள்ளே ஒரே நீன்தான்; அதன் வாயுவை இரண்டாகப் பிரித்து விட்டிருக்கிறார்கள், பின்னுடல் முழுவதையும் எரிபொருளுக்கு மிச்சப்படுத்துவதற்காக.